சட்னி ஜாரில் அரைத்த இறால்

இன்று காலை மிக்சி ஜாரின் மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பச்சை இறாலும் பூண்டும் சேர்த்து அரைத்த விழுது. நான் கருவாட்டுக் கூடையோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்துச் சீட்டில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். அந்த நாற்றத்திலேயே முப்பது வருஷம் பிழைத்தவள், எனக்கே இது தாங்கவில்லை. நாற்றத்தோடு நீயும் வந்து நின்றாய். மற்ற பெண்களுக்கெல்லாம் செத்துப்போன புருஷன் பீடி வாசனையில், சட்டை வாசனையில் வருவானாம். நீ எனக்கு இப்படித்தான் வர வேண்டுமா?

தோள்பட்டை விலகி நீ படகுக்குப் போவதை நிறுத்திய வருஷம் அது. சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனவன், மாத்திரையோடு ஒரு பிளாஸ்டிக் பையில் ஆறு மீனும் வாங்கி வந்தாய். ஒரு ரூபாய்க் காசு அகலம்கூட இல்லை. தட்டையான உடம்பு, மேலும் கீழும் நீண்ட செட்டை.

"இன்னாயா இது? கொழம்புக்கும் ஆவாது, கருவாட்டுக்கும் ஆவாது" என்றேன்.

"ஏஞ்சல் மீனுமே. ஜோடி சேந்தா முட்டை போடும். குஞ்சு எடுக்கப் போறேன்" என்றாய்.

கடலில் இருப்பது போதாதென்று வீட்டுக்குள்ளேயும் மீனாம் என்று லைட்ஹவுஸ் குப்பமே சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு ஒரு மாதம்கூட நீடிக்கவில்லை. கடல் கலக்கும் ஏரி ஓரத்து ஊர், நம் தண்ணீர் எல்லாம் உப்பு, உன் மீன்களுக்கு ஆகாது. அதனால் நாம் குடிக்க வாங்கும் கேன் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாய். தெருமுனையிலிருந்து கேனைத் தூக்கி வந்தது நான். உனக்குத்தான் தோள் போயிற்றே. அப்புறம் அவற்றுக்குத் தீனி என்று கொல்லையில் ஒரு பானை வைத்துக் கொசுப்புழு வளர்த்தாய். அதைப் பார்த்தாலே என் உடம்பில் ஊர்வது போலிருக்கும். தொட்டியின் அழுக்கை வெளியேற்ற ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவாய். மீன் பேண்ட தண்ணீர் சில நாள் உன் வாய்க்குள்ளேயே போய்விடும். துப்பிவிட்டு, அதே வாயால் "டீ குடுமே" என்பாய். சீ! உன் டம்ளரை நான் தனியாக எடுத்து வைத்தேன். தெரிந்தும் நீ சிரித்துக்கொண்டே குடித்தாய்.

இதெல்லாம் பொறுத்தேன். ஒரு நாள் தேங்காய்ச் சட்னியில் இறால் வாடை அடித்தது, மீன் தீனியை நீ அதே ஜாரில் அரைத்திருந்தாய். கேட்டால், "கழுவிட்டுத்தான் வச்சேன்மே, ரெண்டு தபா" என்றாய், பெரிய உபகாரம் செய்தவன் போல. சட்னியை அப்படியே கொல்லையில் கொட்டினேன். அன்றிலிருந்து ஜார் உன் மீனுக்கு, அம்மி எனக்கு.

ஆறில் இரண்டு மட்டும் ஜோடி சேர்ந்து மற்றவற்றைக் கொத்தின. மிச்ச நான்கையும் யாரிடமோ கொடுத்துவிட்டாய். தொட்டிக்குள் நிறுத்தியிருந்த பிவிசி குழாயில் அந்த ஜோடி முட்டை வைத்த அன்று என் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாய். இரண்டும் மாறி மாறிச் செட்டையால் விசிறிக்கொண்டிருந்தன. மறுநாள் பார்த்தால், அதே இரண்டும் முட்டைகளைப் பொறுக்கித் தின்றுகொண்டிருந்தன.

"பெத்ததையே துன்னுதேயா! இதையா வச்சிக் கொஞ்சற?"

"பயந்துட்டா துன்னும்மே. யாராச்சும் கண்ணாடிய தட்டினா, இனிமே குஞ்சு பொழைக்காதுன்னு நெனைச்சிக்கும்."

என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாய். தட்டியது நான்தான். கேன் தூக்கி வந்த எரிச்சலில் விரலை மடக்கி நன்றாகவே தட்டினேன். உனக்கு அது தெரிந்திருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்த அன்று, ஆட்டோவில் ஏற்றும்போது என் கையை இறுக்கினாய். என்னவோ சொல்லப் போகிறாய் என்று குனிந்தேன். "மீனுக்குத் தண்ணி மாத்திடுமே" என்றாய். அதற்குப் பிறகு நீ பேசவே இல்லை. இத்தனை வருஷம் உன்னோடு குடித்தனம் செய்தவளுக்கு நீ விட்டுப்போன கடைசிப் பேச்சு அது. எல்லாரும் அழுதார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் மீன்களைப் பிடிக்கத் தொட்டியில் சின்ன வலையை விட்டேன். பிடிபடாமல் இரண்டும் திரும்பத் திரும்ப அந்தக் குழாயிடமே போய் நின்றன. திமிர் என்று திட்டிக்கொண்டே வாளியில் போட்டு ஏரிக்கரைக்குப் போனேன். நம் வழக்கம்தானே? முட்டை நண்டு வலையில் வந்தால் நீ எத்தனை முறை திருப்பி விட்டிருக்கிறாய். "நமக்கு வேணாம்னா ஏரி பாத்துக்கும்" என்பாய். எங்கே போகிறாய் என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம், "அவரு மீனு. ஏரியில வுட்டா புண்ணியம்" என்று சொன்னேன்.

வாளியைச் சாய்த்தேன். கொஞ்ச தூரம் போயின. பிறகு ஒன்று ஒருக்களித்துக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. மற்றது அதைச் சுற்றிச் சுற்றி வந்து, அதுவும் சாய்ந்தது. ஒரு கொக்கு நிதானமாக நடந்து வந்து இரண்டையும் எடுத்துக்கொண்டது.

உப்பு ஆகாத மீன் என்பது மறந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். பக்கத்து வீட்டில் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் அதற்காகவே கேன் கேனாகச் சுமந்தவள் நான். எனக்குத் தெரியும். சனியன் ஒழிந்தால் போதும் என்றுதான் இருந்தது, புண்ணியமாவது ஒன்றாவது. உன் மீன்கள்மேல் இருந்த அருவருப்பு முழுக்க அந்தக் கரையில் என்மேல் திரும்பியது. இன்னும் போகவில்லை.

வீட்டுக்கு வந்து தொட்டியைக் காலி செய்யக் கையை விட்டபோதுதான் கவனித்தேன், குழாய் நிறைய முட்டை. அவை ஏன் அங்கேயே நின்றன என்று அப்போது புரிந்தது.

விசிற யாரும் இல்லை. பிறகு வந்த முட்டைகளுக்கு நீ செய்வாயே, அதுபோல தொட்டி மோட்டாரின் காற்றை அந்தப் பக்கம் திருப்பி வைத்து, பூஞ்சைக்கான நீல மருந்து சொட்டு விட்டேன். பாதிக்கு மேல் பூஞ்சை பிடித்து வெளுத்துப்போயின. மூக்கைச் சுளித்துக்கொண்டே ஒவ்வொன்றாக ஊசியால் எடுத்தேன். மிச்சமிருந்தவை பொரிந்து வாலை ஆட்டின. குஞ்சுக்குத் தீனியாக நீ வாங்கி வைத்திருந்த பூச்சி முட்டை அலமாரியில் இருந்தது. அது பொரிய மட்டும் உப்புத் தண்ணீர் வேண்டும். அதே வாளியில் ஏரித் தண்ணீர் எடுத்து வந்தேன்.

இப்போது அவை நீ வாங்கி வந்த அளவுக்கு வளர்ந்துவிட்டன. இன்று ஜாரை எடுத்தது அவற்றுக்காகத்தான். கண்ணாடியை நான் தட்டுவதில்லை. கேன் சுமந்து வந்து தண்ணீரை இத்தனை நாள் கிண்ணத்தால் மொண்டு மொண்டு மாற்றினேன், அடியில் அழுக்கு தங்கிவிடுகிறது. நேற்று வேறு வழியில்லாமல் ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினேன். ஒரு வாய் உள்ளே வந்துவிட்டது. ஓடிப்போய்த் துப்பினேன். கைக்குக் கிடைத்தது உன் டம்ளர்தான், அதில் தண்ணீர் எடுத்து வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தேன். அசிங்கம்தான். பிடித்துப்போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் துப்புவதற்கு முன்னால் நாக்கு ருசி பார்த்துவிட்டது. அந்தத் தண்ணீரில் துளி உப்பு இல்லை.