முகத்தை மூடிய துணி

அன்புள்ள மகளுக்கு,

வாகடில் உன் வீட்டில் எல்லோருக்கும் கர்த்தருடைய சமாதானம் உண்டாகட்டும்.

உன் குழந்தையை முதன்முதலாகக் கட்கியிலுள்ள நம் ஆலயத்துக்கு எடுத்துவந்து நாம் ஸ்தோத்திரம் செலுத்திய அன்று, அவளுடைய பிளவுபட்ட உதட்டைச் சபையார் பார்த்துவிடக் கூடாதென்று துணியால் மூடினேன். குளிர்காற்று என்று உன்னிடம் சொன்னது பொய்.

"படைச்சவரு வீட்டுலயே மறைக்கியளேப்பா!" என்று நீ துணியை விலக்கினாய்.

வானத்தையும் பூமியையும் படைத்தவரை விசுவாசிக்கிறேன் என்று சற்று முன்புதான் எல்லோரோடும் சேர்ந்து உரக்கச் சொல்லியிருந்தேன். அந்தச் சின்ன உதட்டை மட்டும் அவரிடம் ஒப்படைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் அவளை இன்னொரு முறை கூட்டி வா. நானே தூக்கிக்கொண்டு பீடம்வரை நடக்கிறேன். நீயும் கூடவே வா. துணி வேண்டாம்.

வெட்கத்துடன்,
உன் அப்பா