நாற்பத்தைந்து பெட்டிகளும் ஒரு நீலச் சட்டையும்

அன்புள்ள ஷுன்பெய்க்கு,

மலையில் முதல் உறைபனி விழுந்துவிட்டது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம்தான். அந்தக் கனடாக் குளிரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காதை மூடிக்கொண்டுதான் நடமாடுகிறாய் என்று நம்பி எழுத உட்கார்ந்தேன். அப்பாவைப் பற்றி எழுதினால் கடிதத்தைப் பாதியில் மடித்துவிடுவாய் என்று இத்தனை நாள் எழுதவில்லை, இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் ஊர்க்கூட்டத்தில் நீ எழுந்து, இனிமேல் குப்பையை எரிக்க வேண்டாம், நாற்பத்தைந்து வகையாகப் பிரிப்போம் என்று சொன்னபோது, "ஒன்னைப் படிக்க வச்சது குப்பை பொறுக்கவா?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாரே, அதே மனிதர்தான் இப்போது சோயா சாஸ் பாட்டிலை அலசி, மூடியை ஒரு பெட்டியிலும் மூடிக்குள் இருக்கும் வளையத்தை இன்னொரு பெட்டியிலும் போடுகிறார். கல்யாணமான நாளிலிருந்து குடித்த கோப்பையைக் கழுவாதவர், பால் வந்த அட்டைப்பெட்டியைக் கத்தரித்துக் கழுவி என் துணிகளுக்கு நடுவே கொடியில் காயப்போடுகிறார். ஏன் இந்த மாற்றம் என்று கேட்டால், "ஊரே செய்யுது, நான் மட்டும் என்ன?" என்கிறார். போன வாரம் நான் தயிர்க் கிண்ணத்தைச் சரியாகக் கழுவவில்லை என்று குப்பை பிரிக்கும் ஊர்க் கூடத்திலிருந்து திரும்பக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனாலும் எழுபத்திரண்டு வயதில் ஒரு மனிதர் இப்படி மாறுவாரா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்தான் ஒரு தப்புச் செய்துவிட்டேன். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஊர் அலுவலக வேலையை விட்ட அன்று நீ கழற்றி வீசிய நீலச் சட்டையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. கூடத்தில், வேண்டாத நல்ல சாமானை வைத்தால் யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துப்போகும் அலமாரி இருக்கிறதே, அதில் சத்தமில்லாமல் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் பார்த்தால் அப்பா அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கிறார்! கை நீளம், வயிற்றில் பொத்தான் எட்டவில்லை. கூடத்தில் வேலை பார்க்கும் நகாஸேதான் சிரித்துச் சிரித்துச் சொன்னாள், "எடுக்குற சாமானை எடை போட்டு நோட்டுல எழுதணும்ல, அண்ணன் தராசுல வைக்கவே விடலக்கா. 'இது எம் பையன் சட்டை, எவன் வேணாம்னு வச்சது?'ன்னு எங்கிட்ட சண்டைக்கு வந்துட்டாரு!" அன்றிலிருந்து கூடத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சட்டைதான்.

இத்துடன் வரும் கண்ணாடி ஜாடியில் உப்பில் ஊறிய பிளம் இருக்கிறது, அப்பா ஊறப்போட்டது. காலைக் கஞ்சிக்கு ஒன்று போதும், உப்பு அதிகம். காலி ஜாடியை அங்கே தூக்கிப் போடக் கூடாது, திருப்பித் தர வேண்டும் என்று எழுதச் சொன்னார். காலி ஜாடியைத் தபாலில் அனுப்ப ஜாடி விலையைவிட அதிகம் ஆகுமே என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "தபால்ல எதுக்கு? கையில கொண்டு வரட்டும்" என்றார்.

நோய் நொடி இல்லாமல் நூறாண்டு இரு, கண்ணா. காலைக் கஞ்சிக்கு ஒன்று போதும் என்று மேலே எழுதினேனே, அதை விட்டுவிடு. இரண்டு இரண்டாகச் சாப்பிடு. ஜாடி சீக்கிரம் காலியாகட்டும்.

உன் அம்மா,
இகுயோ