எழுந்திருக்காத பத்து நிமிடம்

இன்று காலை உன் லேப்டாப்பைத் திறந்ததும் தைல வாசனை அடித்தது. தலைவலிக்கு நெற்றியில் தேய்த்துவிட்டு அதே விரலால் தட்டுவாய்; நான் திட்டுவேன். "பாஸ்வேர்ட் தெரியல தம்பி. உள்ள அவன் போட்டோ இருக்கும். வந்து தொறந்து குடு" என்று உன் அப்பா கூப்பிட்டதால் கிள்ளானுக்கு வந்தேன், உங்கள் கைப்பேசி ரிப்பேர் கடைக்கு. நீ போய் ஏழு மாதம். டிங்கிக் காய்ச்சல், நான்கு நாள், அவ்வளவுதான்.

உன் பிறந்த நாள் திறக்கவில்லை. மோட்டார் நம்பரும் இல்லை. மூன்றாவதாக ஒரு வார்த்தை தோன்றியது. அதை அடிக்கப் பயமாக இருந்தது.

அந்தப் புரோகிராமிங் போட்டிக்காகப் பிரிக்பீல்ட்ஸில் என் அறையில் மூன்று வாரம் கிடந்தோம். சரியான பாஸ்வேர்ட் கொடுத்தால் மட்டும் திறக்கும் ஒரு புரோகிராம் எழுத வேண்டும். அதில் நாமே ஓர் ஓட்டை வைத்து மறைக்க வேண்டும். எதிரணி எப்படியாவது உள்ளே நுழைந்துவிட்டால் நாம் அவுட். நமக்கு ஒரு பழக்கம்: எழுதியவன் எழுந்து கீழே டீக்கடைக்குத் தே தாரிக் குடிக்கப் போய்விடுவான். மற்றவன் அதே நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் விரல் வைத்து, வரிவரியாக வாய்விட்டுப் படிப்பான். "நீ பக்கத்துல இருந்தா, நீ நெனச்சதத்தான்டா நானும் படிப்பேன்" என்பாய்.

ஜெயித்தால் கடையை விட்டுவிட்டு நீ வெளிவேலைக்குப் போகலாம் என்று உன் அப்பா ஒத்துக்கொண்டிருந்தார். என்னிடம் இருந்தது பாதியில் விட்ட டிப்ளோமா. போட்டிக்கு ஆள் எடுக்க வரும் கம்பெனிக்காரர் கண்ணில் பட்டால்தான் உண்டு.

சுபாங் ஜெயாவில் மண்டபம். கடைசிப் பத்து நிமிடம்.

"எந்திரி, நான் படிக்கணும்" என்றாய்.

"டைம் இல்ல லா மச்சி."

"பத்து நிமிஷம் இருக்குடா. எந்திரி."

நான் எழுந்திருக்கவில்லை. அனுப்பிவிட்டேன்.

எதிரணிப் பெண்கள் நான்கே நிமிடத்தில் நம் புரோகிராமுக்குள் நுழைந்தார்கள். நாம் மறைத்த ஓட்டையை அவர்கள் தேடக்கூட இல்லை. சோதிக்கும்போது நீளப் பாஸ்வேர்டை அடிக்கச் சோம்பல்பட்டு, 'தே தாரிக்' என்று அடித்தாலே திறக்கும்படி ஒரு வரி போட்டிருந்தேன். அழிக்க மறந்துவிட்டேன். அதைப் பெரிய திரையில் காட்டினார்கள். மண்டபமே சிரித்தது.

"டீ வாங்கிக் குடுத்தா கதவு தொறக்குமா பாஸ்?" என்றாள் அவர்களில் ஒருத்தி.

கம்பெனிக்காரர் சிரிக்கவில்லை. "இந்த லைன் யார் எழுதுனது?"

நீ கையைத் தூக்கினாய். "மத்ததெல்லாம் இவன் எழுதுனது சார்" என்று வேறு சொன்னாய். நான் உன் கையைப் பார்த்தபடி வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கொமுட்டர் ரயில் நிலையத்தில், நீ கிள்ளான் பக்கம் போகுமுன், "ஏன்டா?" என்றேன்.

"எனக்குக் கடையாச்சும் இருக்கு. உனக்கு என்னா லா இருக்கு?"

வேலை எனக்குக் கிடைத்தது. நீ கடைக்கே திரும்பினாய்.

இன்று அந்த வார்த்தையை அடித்தேன். திறந்துகொண்டது.

"என்னா போட்ட?" என்று உன் அப்பா கேட்டார். சொன்னேன். கையிலிருந்த கைப்பேசியைக் கீழே வைத்தார். "போட்டியில கோட்ட விட்டானே, அந்த வார்த்தையா? இவனுக்குக் கவனம் பத்தாது, கடையிலயே கெடக்கட்டும்னு நான்தான் சொன்னேன்."

"அங்கிள், அத எழுதுனது நான். அவன் படிக்கணும்னு கேட்டான். நான் விடல."

அவர் மேசையைச் சுற்றி என் பக்கம் வந்தார். பிறகு, "எந்திரி" என்றார்.

வெளியே போகச் சொல்கிறார் என்று எழுந்தேன். அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டினார். "போட்டிக்கு எழுதுனது இதுல இருக்கா? காட்டு."

காட்டினேன். முதல் வரியில் விரலை வைத்து, புரியாத எழுத்துகளை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்தார். அந்தப் பழக்கத்தை நீ யாரிடமிருந்து பிடித்துக்கொண்டாய் என்று அப்போதுதான் தெரிந்தது.

"அந்தாண்ட போ தம்பி. நீ நின்னா படிக்க முடியல."

எதிர் டீக்கடை வாசலில் நின்று இதை எழுதுகிறேன். ஆபீஸிலும் இப்போது எழுதி முடித்ததும் எழுந்து கீழே போய்விடுவேன். ஏன் என்று கேட்டால் பழக்கம் என்பேன். யாருடைய பழக்கம் என்று ஒருவரிடமும் சொன்னதில்லை. நாளைக்குச் சொல்வேன்.

தே தாரிக் ஆறிவிட்டது. உன் அப்பாவின் விரல் இன்னும் அந்த வரிக்கு வரவில்லை.