ஒழுகும் பையும் சுகுணா அக்காவும்

என் அருமை சுகுணா அக்காவுக்கு,

உங்கள் இருக்கையில் இப்போது நான்தான் உட்காருகிறேன். திருப்பதியில் நம் கால்நடை ஆய்வுக்கூடத்துக்குக் கண்ணாடித் தடுப்பு வைத்த பாதுகாப்புப் பெட்டி வந்துவிட்டது. மாதிரிகளை அதற்குள் கைவிட்டுத்தான் பிரிக்கிறோம். எத்தனை முறை கேட்டீர்கள்! உங்களைப் பறிகொடுத்த பிறகுதான் வாங்கினார்கள். அதன் முன் உட்காரவே கூசுகிறது.

விவசாயிகள் மாதிரி கட்டிக் கொண்டுவரும் ஒழுகும் பையைக்கூட நீங்கள் திருப்பி அனுப்பியதில்லை. மாதம் நிறையாமல் கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியை வெறும் மேசையில் வைத்துப் பிரித்தீர்கள். அதிலிருந்த புரூசெல்லா கிருமி உங்களுக்குத் தொற்றியது. காய்ச்சல் வந்ததும் டைபாய்டு என்று நினைத்து மாத்திரை விழுங்கினீர்கள். இதயத்தைத் தொட்டுவிட்டது என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. தினமும் அந்தக் கிருமியோடு வேலை செய்த எனக்கு ஏன் அக்கா தோன்றவில்லை?

சில வாரங்களுக்கு முன் வடமாலபேட்டைப் பக்கமிருந்து முனியம்மா வந்தார். இருக்கும் ஒரே பசு கன்று வீசிவிட்டதாம். நஞ்சுக்கொடியைப் பாலிதீன் பையில் கட்டி எடுத்து வந்திருந்தார். அடியில் சொட்டியது. "ஒழுகினா வாங்கக் கூடாதும்மா" என்றேன்.

"இன்னாம்மா, பஸ்ல இவ்ளோ தூரம் தூக்கினு வந்துகிறேன். அந்த சுகுணாம்மா இருந்தா திருப்பி அனுப்புமா?"

அனுப்பியிருக்க மாட்டீர்கள். அதனால்தானே நீங்கள் இல்லை? இதை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

கையுறை போட்டுக்கொண்டு அந்தப் பையை இன்னொரு பைக்குள் வைத்துக் கட்டினேன். சொட்டிய இடத்தில் கிருமிநாசினி ஊற்றினேன். கன்றை யார் இழுத்தது என்று கேட்டேன்.

"நான்தான், வெறுங்கையால. கொஞ்ச நாளா ஜொரம் வேற வந்து வந்து போவுது."

ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். "டைபாய்டு மட்டும் பார்க்காதீங்க சார், புரூசெல்லாவும் பாருங்க" என்று டாக்டரிடம் கெஞ்சினேன். இருந்தது, அக்கா. சீக்கிரம் தெரிந்ததால் மாத்திரையில் தேறி வருகிறார்.

பசுவின் இரத்தம் எடுக்க நானே போனேன். அதற்கும் நோய். தனியாகக் கட்டுங்கள், பாலை விற்காதீர்கள் என்றேன். முனியம்மா என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"என் ஜொரத்த கண்டுபுடிச்சிட்ட. இனிமே இன்னா பண்ணி துன்னுவேன்?"

திரும்பப் பஸ் ஏறினேன். உங்களுக்குச் செய்திருக்க வேண்டியதை அவருக்குச் செய்தேன். அதுவும் பாதிதான்.

கையுறை இல்லாமல் எதையும் தொட மாட்டேன், அக்கா. ஆனால் ஏன் என்று சொல்லாமல் யாரையும் வாசலோடு திருப்பவும் மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை முனியம்மாவைப் பார்க்கப் போகிறேன். அவர் பேசாவிட்டாலும் போவேன்.

உங்கள் கூடப் பிறக்காவிட்டாலும் உங்கள் தங்கைதான்,
வசந்தி