ஜக்கும் ஆறு டம்ளரும்

12.11, புதன். விடாத தூறல்.

பரங்கிப்பேட்டையில் ஆறு பச்சைக் கண்ணாடி டம்ளர் பார்த்தேன். வாங்க முடியவில்லை.

போனது பித்தளை அண்டாவுக்காக. பாயம்மா ஒருவர் பழையதை விற்க என் பாத்திரக் கடைக்கு போன் செய்திருந்தார். அண்டா பேரம் சுலபமாக முடிந்தது. எழுந்திருக்கும்போது ஷோகேஸில் டம்ளர்கள். எலுமிச்சைத் தோல் நிறம், திராட்சைக் கொடி அச்சு. என் வீட்டுப் பச்சைக் கண்ணாடி ஜக்கில் இருக்கும் அதே கொடி. எத்தனை வருஷமாக அதற்கு ஜோடி தேடுகிறேன்.

முகத்தில் காட்டவில்லை. கள்ளநோட்டு பார்க்கும் ஊதா லைட் எப்போதும் பையில் உண்டு. யுரேனியம் கலந்த பழைய கண்ணாடி அதில் பச்சையாக எரியும், சும்மா பச்சை எரியாது. ஒரு டம்ளரைத் துண்டால் மூடி உள்ளே அடித்தேன். கூட வந்த மச்சான் முருகன் தலையை உள்ளே விட்டான்.

"மாமா, எரியுது மாமா. நம்ம ஜக்கு மாதிரியே."

பேரம் அங்கேயே செத்தது. பாயம்மா ஜன்னலைச் சாத்தி, லைட்டை என் கையிலிருந்து வாங்கி, ஊறுகாய் ஜாடி, வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடி என்று அடித்துக்கொண்டே போனார். எதுவும் எரியவில்லை. டம்ளர் ஆறும் பச்சைப் பசேல். மருமகள்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான்.

"இது விக்கறதுக்கில்ல அண்ணே. உங்க ஜக்கை எடுத்துட்டு வாங்க, பாக்கலாம்."

13.11, வியாழன். மழை.

சிதம்பரம் கடை. குக்கர் லோடு வந்தது. இரண்டு மூடி நசுங்கல், திருப்பணும். கேஸ்கட் தீர்ந்துபோச்சு.
முருகனைக் காலையில் திட்டினேன். சாயங்காலம் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன்.
டம்ளர்களைக் கேட்ட விலைக்கு வாங்கிவிடுவதென்று முடிவு. வியாபாரத்தில் இவ்வளவு முட்டாளாக இருந்ததில்லை.

16.11, ஞாயிறு. நல்ல வெயில்.

கடலூர் வீட்டிலிருந்து ஜக்கை எடுத்துக்கொண்டு பரங்கிப்பேட்டைக்குப் பஸ் ஏறினோம். ஜக்கு என் மனைவி செல்வியின் பழைய புடவைக்குள், என் மடியில். கண்டக்டர் எட்டிப் பார்த்து, குழந்தை தூங்குதா என்றார். ஆமாம் என்றேன்.

பாயம்மா வீட்டு மேஜையில் ஜக்கு, சுற்றி டம்ளர்கள். ஜன்னல் சாத்தி லைட் அடித்தேன். ஒரே அச்சு. ஒரே பச்சை.

யுரேனியம் அணு உலையில் போடுவதாமே, பேரன் சொல்கிறான் என்றார் பாயம்மா. இதில் சிட்டிகைதான், ஷோகேஸில் இருந்தால் ஒன்றும் செய்யாது என்றேன்.

"ஷோகேஸா? எங்க மாமியா தொண்ணூறு வயசு வரைக்கும் இதுலதான் நன்னாரி சர்பத் குடிச்சாங்க."

பேச்சை மாற்றினேன்.

டம்ளருக்கு விலை சொன்னேன். மாட்டேன் என்று தலையாட்டினார். ஏற்றினேன். ம்ஹும். மாமனார் பினாங்கிலிருந்து கொண்டு வந்ததாம். நோன்பு மாதம் மேஜையில் அது இல்லாமல் ஆகாதாம். அப்புறம் நிதானமாக, "உங்க ஜக்குக்கு என்னா கேக்கறீங்க?"

சைக்கிளில் பாத்திரம் கட்டித் தெருத் தெருவாக விற்று மேலே வந்தவன் நான். வாங்கப் போன இடத்தில் என்னை விற்கிறவனாக்கிய ஆள் இவர்தான். நானும் தலையாட்டினேன். வடை தீர்ந்தது, டீ ஆறியது. இரண்டு பேரும் அசையவில்லை.

முருகன்தான் வாயைத் திறந்தான். "ரெண்டு பேரும் குடுக்க மாட்டீங்க. அப்ப சாமான் சேந்தே கெடக்கட்டும். மாத்தி மாத்தி வச்சிக்குங்க."

பாயம்மா என்னைப் பார்த்தார். "ஒங்க மச்சானுக்கு வாய் ஜாஸ்தி. ஆனா புத்தியும் இருக்கு."

வெறும் புடவையோடு வீடு வந்தேன். டம்ளர் வாங்கப் போனவர் ஜக்கையும் விட்டுவிட்டு வந்து சிரிக்கிறாரே என்கிறாள் செல்வி.

பேசியது: ஜக்கும் டம்ளரும் இனிப் பிரியாது. நோன்புப் பெருநாள் வரை அவர்கள் வீடு, அதிலிருந்து தீபாவளி முடியும் வரை என் வீடு. விற்றால் இருவரும் சம்மதித்துத்தான். பணம் கிடையாது. வண்டிச் செலவு என்னுடையது.