மூன்றாம் ஓலை

செல்லூர், மதுரை
20.4.2021

அன்புள்ள சம்பந்தியம்மாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நீங்களும் பியூலாவும் சுகந்தானே? போனில் பேசினால் நீங்களும் நானும் ஒரே நேரத்தில் பேசிவிடுகிறோம், வார்த்தை தடித்துப் போகிறது. எழுதிக்கொள்ளுங்கள் என்று ஆயர் சொன்னார். மருந்துக் கடை வேலையாக உங்கள் பக்கம் வரும் செல்வக்குமார் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். மாப்பிள்ளையே தபால்காரன் ஆனது நம் வீட்டில்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். பிள்ளைகளின் கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு சபையில் வாசித்தாயிற்று. இந்தக் கல்யாணத்துக்குத் தடை இருந்தால் சொல்லலாம் என்று ஆயர் கேட்டார், ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்றாவது ஓலை இந்த ஞாயிறு. பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் முழு ஊரடங்காம்! ஆறு நாளும் ஜவுளிக்கடை, சாராயக்கடை எல்லாம் திறந்திருக்கும், நாம் கூடுகிற ஒரே நாளைப் பூட்டுவார்களா? இது யாருக்கு வைத்த பூட்டு என்று எனக்குத் தெரியாதா? முதல் ஓலையிலிருந்து மூன்று மாதத்துக்குள் மூன்றாவதை வாசிக்காவிட்டால் எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

ஆண்டவரைக் கும்பிட எனக்கு எவனுடைய பாஸும் வேண்டாம். ஞாயிறு என் விசைத்தறிக் கூடம் சும்மாதான் கிடக்கும். அங்கேயே ஆராதனை, அங்கேயே ஓலை. ஆயரைச் சம்மதிக்க வைத்துவிட்டேன். முப்பது நாற்பது பேர்தான், ஷட்டரை இறக்கிவிடுவோம். நீங்கள் இருவரும் அவசியம் வர வேண்டும்.

இன்னொன்று. "தள்ளி வச்சா என்ன கொறஞ்சிரும்" என்று போனில் சொன்னீர்களே, அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கனடாவிலிருந்து உங்களுக்கு ஒரு வரன் வந்ததாகக் காதில் விழுகிறது. மனசில் எதுவும் இருந்தால் நேரே சொல்லிவிடுங்கள்.

உங்கள் சம்பந்தி,
சாலமோன் அழகுபாண்டி


கே.கே. நகர்
22.4.2021

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

ஸ்தோத்திரம். கடிதம் கிடைத்தது. கனடா வரன் வந்தது உண்மை. அந்தப் போட்டோவைப் பார்த்துப் பியூலா சிரித்த சிரிப்பில் அது வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. அது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்தச் செய்தியை உங்களுக்குக் கொண்டுவந்தவர் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்திருக்கிறார்.

தறிக்கூடத்துக்கு நாங்கள் வர மாட்டோம் அண்ணே. கோபிக்காதீர்கள். போன வருஷம் என் வீட்டுக்காரர் ஒரு வீட்டு ஜெபத்துக்குப் போனார். "பத்துப் பேருதான் மேபல்" என்று சொல்லித்தான் போனார். அவரைப் புதைக்கும்போது தூக்கிய நால்வரும் யாரென்றே எனக்குத் தெரியாது. அவர் முகத்தை எனக்குக் காட்டவில்லை. கல்லறைத் தோட்டத்துக் கேட்டுக்கு வெளியே நின்று, மாஸ்க்குக்குள் நானே ஒரு பாட்டைப் பாடி முடித்தேன். உங்கள் பாஸைப் பற்றி எனக்குத் தெரியாது. ஷட்டருக்குள் அடைந்து கும்பிடுவதைச் சுதந்திரம் என்று நினைக்க எனக்கு வரவில்லை.

நீங்கள் கேட்டதால் நானும் கேட்கிறேன். எதற்கு இவ்வளவு அவசரம்? செல்வக்குமார் வாசலில் நின்று பேசும்போது என் கண்ணைப் பார்க்க மாட்டேன் என்கிறான். முன்பெல்லாம் அப்படியில்லை. பையன் மனசில் என்ன என்று நீங்கள் கேட்டீர்களா?

அன்புடன்,
மேபல் கனகம்


செல்லூர்
26.4.2021

திருமதி மேபல் கனகம் அவர்களுக்கு,

திருப்திதானே?

நேற்று இரண்டாவது பாட்டுக்கே போலீஸ் வந்துவிட்டது. பாட்டு தெருவுக்குக் கேட்கக் கூடாதென்று ஒரு தறியை வெறுமனே ஓடவிட்டிருந்தேன். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரனுக்குக்கூட ஒன்றும் கேட்டிருக்காது. "ஊரே அடங்கிக் கெடக்கு, ஒனக்கு மட்டும் என்னய்யா கும்பலு?" என்று எஸ்.ஐ. என்னை எல்லோர் முன்னாலும் கேட்டார். "எங்களுக்குப் போன் வந்துச்சு" என்றும் அவரே சொன்னார். ஆயரை மத்தியானம் வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். என் அண்ணன் கண்ணுச்சாமியும் கூடவே உட்கார்ந்திருந்தார். ஓலை வாசிக்கவேயில்லை.

உள்ளே இருந்தவர்கள் எவரும் போன் பண்ணியிருக்க முடியாது. வெளியே, என் வீட்டாரை விட்டால், விஷயம் தெரிந்தது உங்களுக்கு மட்டுந்தான். கல்யாணத்தை நிறுத்த இம்புட்டு வேலையா? வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கும்பிடு போட்டுவிட்டு விலகியிருப்பேன்.

நீங்கள் இல்லையென்றால், வேதாகமத்தில் கை வைத்து, பியூலா முன்னால், "நான் சொல்லவில்லை" என்று சத்தியம் செய்து எழுதி அனுப்புங்கள். அதற்குப் பிறகு பேசுவோம்.

சாலமோன் அழகுபாண்டி


கே.கே. நகர்
28.4.2021

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

ஆயருக்குப் பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கும். செல்வக்குமாரிடம் சொல்லியிருக்கிறேன், கொண்டுபோய்க் கொடுப்பான். கண்ணுச்சாமி அண்ணன் நாலைந்து நாளாக இருமுகிறார் என்று அவன் சொன்னான். தயவுசெய்து டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். நாளைக்கு என்று விடாதீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். செல்லூரில் அத்தனை தறியும் நின்றுபோன ஒரு ஞாயிற்றுக்கிழமையில் ஒரே ஒரு தறி மட்டும் ஓடினால் அது பாட்டை மறைக்குமா, ஊரைக் கூப்பிடுமா? உங்கள் தொழிலில் உங்களுக்குத் தெரியாததா? எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன். ஆயரை நினைத்ததும் அதுவும் போய்விட்டது.

சத்தியம் செய்ய மாட்டேன்.

மேபல் கனகம்


செல்லூர்
19.5.2021

கே.கே. நகர் அம்மாவுக்கு,

அண்ணன் போய்விட்டார். பஞ்சுத் தூசி, தறிக்காரனுக்கு இருமல் இல்லாமல் இருக்குமா என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் அதையேதான் சொன்னேன். பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள். புதைக்க எங்களை உள்ளே விடவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றோம். எனக்குப் பாட்டு வரவில்லை.

நீங்கள் போன் பண்ணினீர்கள், பார்த்தேன், எடுக்கவில்லை. ஸ்டேஷனில் மத்தியானம் வரை உட்கார வைத்தார்களே, அங்கேதான் அவருக்கு ஒட்டியிருக்கும். அங்கே உட்கார வைத்தது யார்? நீங்கள் சத்தியம் செய்யாததே எனக்குப் பதில்.

இனி இந்தச் சம்பந்தம் வேண்டாம். நிச்சயத் தாம்பூலத்துக்கு வாங்கிய சேலையைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

சாலமோன் அழகுபாண்டி


செல்லூர்
28.6.2021

சம்பந்தியம்மாவுக்கு,

இப்படிக் கூப்பிட எனக்கு வாய் கூசுகிறது.

போன மாதம் உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கவரை ஒட்ட மறந்துவிட்டேன். பயல் வழியில் படித்துவிட்டான். உங்களிடம் கொடுக்காமல் வண்டி டிக்கிக்குள்ளேயே வைத்துச் சுற்றியிருக்கிறான். நேற்றுச் சாப்பிட உட்கார்ந்தபோது அதை என் இலைக்குப் பக்கத்தில் வைத்தான்.

"போலீஸுக்குப் போன் பண்ணுனது நாந்தாம்ப்பா. பெரியப்பா இருமிக்கிட்டே உள்ள போனாரு. அம்மாவும் அத்தைகளும் சாப்பாட்டோட வர இருந்தாங்க. ஒங்ககிட்டச் சொன்னா கேட்டிருப்பீங்களா?" என்றான்.

கேட்டிருக்க மாட்டேன். அதுதான் உண்மை. கூட்டம் பாதியில் கலைந்ததால் என் வீட்டுக்காரி உள்ளேயே வரவில்லை. அவளுக்கு ஆஸ்துமா என்று உங்களுக்குத் தெரியும்.

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன். என்ன எழுதியிருந்தேன் என்று கேட்காதீர்கள்.

அன்றைக்குப் போலீஸுக்குப் பண்ணின கையோடு, மொட்டை மாடியில் இருந்து உங்களுக்குத்தான் போன் பண்ணிச் சொல்லி அழுதானாமே! இரண்டு மாதமாக உங்களுக்குத் தெரியும். நான் அவ்வளவு கேவலமாக எழுதியும் "ஒம் மகன்தான்யா" என்று ஒரு வரி எழுதவில்லையே, ஏன்?

அழகுபாண்டி


கே.கே. நகர்
3.7.2021

திரு. அழகுபாண்டி அவர்களுக்கு,

ஏன் என்றா கேட்கிறீர்கள்? என்னைத் திட்டினால் நான் கே.கே. நகரில் இருக்கிறேன், கேட்டைச் சாத்திக்கொள்வேன். அவன் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறான். உங்கள் கோபத்தோடு ஒரே கூரைக்குக் கீழே படுத்து எழ வேண்டியவன். அவனே சொல்லட்டும் என்று இருந்தேன். சொல்லிவிட்டான். நல்ல பிள்ளை.

கண்ணுச்சாமி அண்ணனுக்காக நான் அழுதது உண்மை. அந்தக் கேட்டுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் என்மேல் சந்தேகப்பட்டதை விட்டுவிட்டேன். உங்கள் அவசரத்துக்குப் பின்னால் எதையோ மறைக்கிறீர்கள் என்று நானுந்தான் சந்தேகப்பட்டேன். ஆனால் சத்தியம் செய், எழுதி அனுப்பு என்றீர்களே, அது தொண்டையிலேயே நிற்கிறது. நான் வெளி ஆள். நாளைக்கு என் மகள் உங்கள் வீட்டுக்குள் வருவாள். பீரோ சாவியைக் காணவில்லை என்றால் அவளையும் வேதாகமத்தில் கை வைக்கச் சொல்வீர்களோ? அவளுக்கு அப்பா இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

திங்கட்கிழமையிலிருந்து கோயில்களைத் திறக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். பதினொன்றாம் தேதி ஞாயிறு மூன்றாம் ஓலை என்று ஆயர் போன் பண்ணினார். அதோடு மூன்று மாதமும் முடிகிறது. தடை உண்டா என்று கேட்கும்போது நான் எழுந்திருப்பேனா உட்கார்ந்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை. பியூலாவிடமும் இதைச் சொல்லிவிட்டேன். அடுத்த அறையில் அழுதுகொண்டிருக்கிறாள்.

மேபல் கனகம்


செல்லூர்
7.7.2021

தங்கச்சி மேபலுக்கு,

உன் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரி என்னோடு பேசி இரண்டு நாள் ஆகிறது. ஆயரிடமும் போய், என்னால்தானே ஸ்டேஷனில் உட்கார்ந்தீர்கள் என்று மன்னிப்புக் கேட்டேன். "போங்க சாலமோன், பெஞ்சு நல்லாத்தான் இருந்துச்சு" என்று அனுப்பிவிட்டார்.

உனக்கு என்ன வாக்குக் கொடுக்க? சத்தியம் செய்கிறேன் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். எந்த முகத்தை வைத்துக்கொண்டு உன்னிடம் சத்தியம் என்ற வார்த்தையை எடுக்க?

ஞாயிற்றுக்கிழமை பெஞ்சுக்கு இரண்டு பேர்தான் உட்கார வேண்டுமாம். எங்கள் வீட்டில் மூன்று பேர் மட்டும் வருகிறோம். சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் வீட்டிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டேன். "என்னப்பா, பயந்துட்டியா?" என்றார்கள். ஆமா என்றேன்.

யார், எதற்கு, ஏன் என்று கேட்டே பழகிய வாய் இது. அன்றைக்கு ஆயர் தடை உண்டா என்று கேட்டுவிட்டு நிறுத்துவார். நீ எழுந்தால் சபை முழுக்க என்னைத்தான் பார்க்கும். பார்க்கட்டும். நான் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பேன். ஏன் என்று உன்னை ஒருநாளும் கேட்க மாட்டேன் தாயி.

அண்ணன்,
அழகுபாண்டி