என் மிஷினில் அவன் எண்

மார்ச் 4
தம்பி எனக்குத் துரோகம் செய்துவிட்டான். முழங்கால் அறுவை முடிந்து நான் படுத்திருந்தபோது, எங்கள் கடை பராமரிக்கும் வடக்குப் பக்கத்து வீடுகளை, வடக்கு லைன் முழுவதையும், ஓர் ஒப்பந்தக்காரனிடம் தூக்கிக் கொடுத்துவிட்டான். அந்த வீடுகளில் தண்ணீர் வடிகட்டி மிஷின்களைச் சுவரில் மாட்டியவள் நான். யாரும் சொல்லித்தராத வேலை; எங்கள் வீட்டு மிஷினைக் கழற்றிக் கெடுத்துக் கெடுத்துக் கற்றுக்கொண்டது.

"அத்தனை மாடி யாரு ஏறுவாக்கா? நீ ஏறுவியா?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"கேட்டா சரின்னு சொல்லியிருப்பியா?"

சொல்லியிருக்க மாட்டேன். அதற்காகக் கேட்காமல் இருப்பதா?

மார்ச் 6
பல் வலி. மருத்துவரிடம் போனேன். அங்கே இருப்பதும் நான் மாட்டிய மிஷின்தான். எங்கள் கடை ஃபோன் எண்ணை மறைத்து அதன் மேலேயே அந்த ஒப்பந்தக்காரனின் ஸ்டிக்கர்! பழுதானால் இனி அவனைத்தானே கூப்பிடுவார்கள்? கொஞ்ச நாளில் வடக்கு லைனே அவனுடையதாகிவிடும். தம்பிக்கு உறைக்கவில்லை. "ஸ்டிக்கர்தானேக்கா" என்கிறான்.

மார்ச் 7
லைனைத் திரும்ப வாங்கப்போகிறேன். நானே போவேன்.

மார்ச் 9
வடக்கு லைனில் ஒரு வீடு, இரண்டாவது மாடி வரை ஏறினேன். அந்த வீட்டு டீச்சரம்மா, "ஐயோ, நீங்க எதுக்கு வந்தீங்க?" என்று நாற்காலி போட்டார். வேலைக்குப் போனவள் விருந்தாளியாகிவிட்டேன். குனிந்து மிஷினுக்கு அடியில் இருக்கும் குழாயைக் கழற்ற முடியவில்லை. கால் விடவில்லை, சனியன்.

"இப்ப வர்றவர் நல்லாத்தான் செய்யறார்" என்றார். "ஆனா ஃபில்டர் மாத்திட்டுப் போன அன்னிக்கு தண்ணி கறுப்பா வருது."

வராமல்? புதுக் கரி வடிகட்டி போட்டால் முதலில் வரும் தண்ணீரை ஓடவிட வேண்டும். தெளிந்ததும், மாட்டியவன் ஒரு டம்ளர் பிடித்து அந்த வீட்டார் முன்னால் குடிக்க வேண்டும். நான் வைத்த சட்டம். அவன் குடிப்பதில்லையாம்.

மார்ச் 12
ஒப்பந்தக்காரனைக் கடைக்கு வரச் சொன்னேன். நாற்பது வயதிருக்கும். செருப்பை வெளியே விட்டு வந்தான்.

"என் மிஷின்ல உன் நம்பரை எப்படி ஒட்டுவே?"

"ஞாயித்துக்கிழமை ஒழுகினா யாரைம்மா கூப்பிடுவாங்க? உங்க நம்பருக்கு அடிச்சா எடுக்கறதே இல்லை. வாசல்ல நின்னு திட்டு வாங்கறவன் நான்."

நான் தம்பியைப் பார்த்தேன். தம்பி மின்விசிறியைப் பார்த்தான்.

"தண்ணி ஏன் கறுப்பா வருது?"

"ஒரு வீட்லயே நின்னா மத்த வீடு என்னாகறது?"

"மத்த வீடு நாளைக்கு ஆகும்."

"இந்த வயசுல இவ்வளவு பிடிவாதமா!"

"வயசு முழங்காலுக்குத்தான் ஆச்சு."

சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. கொஞ்சம்தான்.

மார்ச் 13
மாடி ஏறுகிறவன் யாராக இருந்தால் என்ன, ஃபோனை எடுக்கிறவரிடம்தான் வீடுகள் இருக்கும். இது ஏன் எனக்கு முன்னாடியே தோணலை? தம்பி செய்தது தப்புதான். அதில் மாற்றமில்லை.

மார்ச் 15
ஆக வேண்டியவை.

தம்பி: கடை ஃபோனை இன்றே என் மேசைக்கு மாற்ற வேண்டும். முணுமுணுக்கக் கூடாது.

ஒப்பந்தக்காரர்: தன் ஸ்டிக்கர்களைத் தானே உரித்து, எங்கள் எண்ணை ஒட்ட வேண்டும். தண்ணீர் தெளியும்வரை நிற்க வேண்டும். டம்ளர் சட்டம் அவருக்கும் உண்டு.

தம்பி: அவருக்கு ஒரு நாளைக்குக் கொடுக்கும் வீடுகளைக் குறைக்க வேண்டும்.

நான்: வேலை முடிந்த வீடுகளுக்கு அன்று மாலையே பேசி, தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்க வேண்டும்.

நான்: எங்களிடம் மீதியிருக்கும் தெற்கு லைனையும் எடுத்துக்கொள்வாரா என்று அவரிடம் பேச வேண்டும். நாளைக் காலை, கடை திறந்ததும்.